பதினோராம் எண் தாள்

நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியிலிருந்து போன மாதம் இரண்டு விரிவுரையாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தத்துவப் பாடத்தில் சேர இந்த வருடம் ஏழே பேர்தான் வந்திருக்கிறார்களாம். துறையை மூடிவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறதாம். "மிஸ், தத்துவம் படிச்சு யாருக்காவது பிரயோசனப்பட்டுதான்னு உங்க அனுபவத்தை எழுதித் தாங்க. ஆண்டு மலர்ல போடுதோம்" என்று கேட்டார்கள். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான்தான் நான்கு நாட்களாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிரயோசனப்பட்டதா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடம் கற்பித்தேன். பெரும்பாலான நாட்கள் ஒன்றுபோலவே போயின. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வருடம், 1949-ல், ஒரு சனிக்கிழமை மதியத்திலிருந்து செவ்வாய்க்கிழமை காலை வரை நான் பட்ட பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எழுதுகிறேன். மூடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

என் ஊர் விளாத்திகுளம். மழை பெய்தால் கம்பும் சோளமும், பெய்யாவிட்டால் உடைமுள். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார்; பெண்ணைப் படிக்க வைத்ததற்காக உறவுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். மதராஸில் விடுதியில் தங்கி எம்.ஏ. முடித்தேன். அங்கே கடலைப் பார்த்திருக்கிறேன். கடலால் பிழைக்கிறவர்களைத் தூத்துக்குடிக்கு வந்துதான் பார்த்தேன். பெண்களுக்கென்று புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சிறிய கல்லூரி. தத்துவத்துக்கு இரண்டே ஆசிரியர்கள். நான் ஒருத்தி. துறைத் தலைவி மிஸ் தேவநேசம்.

பாளையங்கோட்டைக்காரர். ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி. வகுப்புக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். மணி அடிக்கும் வரை அந்த அறையைவிட்டு வெளியே போகமாட்டார். ஒரு தடவை பக்கத்து அறைக் கூரையில் தீப்பிடித்தபோதுகூட, பிள்ளைகளை வரிசையாக அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் வந்தார் என்று சொல்வார்கள்.

என் முதல் வகுப்பில் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு கிரேக்க அறிஞரின் பெயர், பிறந்த ஊர், செத்த விதம் என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

"வடிவு, பேரை முதல்ல சொல்லாதம்மா. பேரைச் சொன்னா பிள்ளைக தலையாட்டும். கருத்தைச் சொல்லு. சண்டை போடட்டும். சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகு, இதைச் சொன்னவன் இன்னார்னு சொல்லு."

என் பெயர் சண்முகவடிவு. அன்றிலிருந்து நான் அப்படித்தான் கற்பித்தேன். இந்தக் கட்டுரையிலும் பெயர் சொல்லப் போவதில்லை.

அவருடைய முறை, வாரத்துக்கு ஒரு தரிசனம், அதாவது ஒரு தத்துவப் பார்வை. அந்த வாரம் முழுவதும் அவர் அதைச் சொன்ன ஆளாகவே இருப்பார். தினமும் காலையில் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண்மணி, உலகாயத வாரம் வந்தால் கரும்பலகை முன்னால் நின்று, "கண்ணால பாக்காததை நம்பாத. செத்தா சாம்பல். திரும்பி வந்தவன் ஒருத்தனைக் காட்டு பாப்போம்" என்று மேஜையைத் தட்டுவார். ஒரு பெண் அழுதேவிட்டாள். அடுத்த வாரம் சமணம். நான்கு பெண்களை நான்கு ஜன்னலோரம் உட்காரவைத்து, தெரிகிற ஊரை எழுதச் சொன்னார். ஒருத்திக்கு உப்புக் குவியல், ஒருத்திக்குப் பாய்மரங்கள், ஒருத்திக்குக் கோயில் கோபுரம், நான்காமவளுக்கு வெறும் சுவர். "இதுல எது தூத்துக்குடி?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தையில் நின்று எல்லோரையும் கேள்வி கேட்டே நஞ்சு குடிக்க நேர்ந்த ஏதென்ஸ் நகரத்துக் கிழவரைப் பற்றிச் சொல்லும்போது, "இவர் அங்க கேள்வி கேட்டுக்கிட்டிருந்தப்ப இங்க கொற்கையில முத்துக் குளிச்சுக்கிட்டிருந்தாங்க. ரொம்ப தூரத்து ஆள்னு நினைக்காதீங்க" என்பார். உன் கையில் உள்ளது எது, கையில் இல்லாதது எது என்று பிரித்துக்கொண்டு நிம்மதியாக இரு என்று சொன்ன ரோமாபுரி அடிமை. எல்லோரும் இப்படியே செய்தால் உலகம் தாங்குமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு எதையும் செய் என்ற ஜெர்மானிய ஆசிரியர். எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் துன்பம் என்று தராசு பிடித்த ஆங்கிலேயர்கள். ஒவ்வொருவரும் ஒரு வாரம் எங்கள் வகுப்பில் குடியிருந்தார்கள்.

எந்தப் பெண் எந்தப் பெரிய வார்த்தையைச் சொன்னாலும் மிஸ் தேவநேசம் ஒரே கேள்விதான் கேட்பார்: "யாருக்கு?" "தியாகம் உயர்ந்தது மிஸ்." "யாருக்கு?" அதற்கு மேல் அந்தப் பெண் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ஒவ்வொருவரும் ஒரு தாள் எழுத வேண்டும். தான் அறிந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சிக்கல். அதைப் படித்த தரிசனங்களில் ஏதேனும் இரண்டின் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசியில் தன் முடிவு. மற்ற எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். இந்தத் தாள் மட்டும் தமிழில். சொந்தக் கஷ்டத்தை இரவல் மொழியில் எழுத முடியாது என்பது அவர் கட்சி. பெயர் போடக் கூடாது, எண்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவருடைய அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். திருத்துகிற எனக்கும் தெரியாது. வேறெதையும் தமிழில் எழுதாததால் கையெழுத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாளே பதினெட்டுப் பெண்களிடமும் சொல்லியிருந்தார்: "இந்தத் தாள்ல நீங்க எழுதுறது இந்த அறையைத் தாண்டாது. இது என் வாக்கு."

வாக்கை நம்பி அந்தப் பெண்கள் எழுதினார்கள். அக்காள் புருஷன் அடிப்பதைப் பார்த்தும் அம்மா சும்மா இருக்கச் சொன்னதை ஒருத்தி எழுதினாள். செத்துப்போன சித்தப்பாவிடம் கடைசிவரை வியாதியின் பெயரை மறைத்தது சரியா என்று ஒருத்தி கேட்டாள். சிவப்பு மையால் தொட மனம் வராமல் பென்சிலால் திருத்துவேன். ஆனாலும் அதுவரை எல்லாம் முடிந்துபோன சிக்கல்களாகவே இருந்தன.

ஐப்பசி பிறந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் கல்லூரி விடுதியில் என் அறையில் தாள்களைப் பிரித்தேன். பதினோராம் எண் தாள் இப்படித் தொடங்கியது:

"எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குச் சொந்தமாக ஒரு தோணி இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகப் போகிறது. அதில் எட்டுப் பேர் போவார்கள். அடிப்பலகை இரண்டைப் புழு அரித்துவிட்டது. ஆசாரி வந்து பார்த்துவிட்டுப் பலகையை மாற்றாமல் கடலில் இறக்கக் கூடாது என்றார். மாற்றினால் ஒரு மாதம் கரையில் கிடக்கும்; அதற்குள் வாடைக் காற்று வலுத்துவிடும், இந்த வருஷத்துக் கடைசிப் பயணம் போய்விடும். அதனால் வீட்டுக்காரர், இந்த ஒரு நடை தாங்கும் என்று சொல்லி ஆசாரியை அனுப்பிவிட்டார். தோணியில் போகிறவர்களுக்கு இது தெரியாது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தாங்கும் என்று தினமும் ஜெபம் பண்ணிப் பண்ணி அவரே நம்பிவிட்டார். விசாரிக்காமல் நம்புவது குற்றமா? அந்த வீட்டில் இதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்கிற பெண்ணும் அந்தக் குற்றத்தில் பங்காளியா?"

வருகிற செவ்வாய்க்கிழமை. நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன். மீதியை நின்றுகொண்டே படித்தேன். அடிமைத் தத்துவவாதியின் கண்ணால் பார்த்து, தோணி என் கையில் இல்லை, என் வாய்தான் என் கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். தராசுக்காரர்களின் கண்ணால் பார்த்து, எட்டு உயிர் ஒரு தட்டில், ஒரு வீட்டின் மானம் மறு தட்டில் என்று எழுதியிருந்தாள். முடிவு எழுத வேண்டிய இடத்தில், "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு மிஸ் தேவநேசத்தின் அறைக்கு ஓடினேன். அவர் நிதானமாகப் படித்தார். மடித்தார்.

"மிஸ், பட்டியலைத் திறங்க. இது யார்னு பாக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? எட்டுப் பேரு மிஸ்!"

"இது நிசமா, கற்பனையான்னு உனக்குத் தெரியுமா? பிள்ளைக கதையும் எழுதும்."

"ஆசாரி சொன்னதுவரைக்கும் எழுதியிருக்காளே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரு. நிசம்னே வச்சுக்கோ. நான் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இதை இன்னைக்கு வெளிய சொன்னா, சொன்னது யார்னு அந்த வீட்டுல அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க. அவ படிப்பு அன்னையோட சரி. மத்தப் பிள்ளை ஒண்ணும் இனிமே உண்மையை எழுதாது. வாக்குங்கிறது சௌகரியப்பட்டா காப்பாத்துறது இல்ல வடிவு."

"செத்துப் போனவங்கட்டப் போய் வாக்கைக் காப்பாத்திட்டோம்னு சொல்லலாமா?"

கோபத்தில் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை வரைக்கும் பொறு. நான் யோசிக்கணும்" என்றார். யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஜெர்மானிய ஆசிரியர் அவர் பக்கம், ஆங்கிலேயர்கள் என் பக்கம் என்று வகுப்பில் பேசும்போது எவ்வளவு சுகமாக இருந்தது! அன்று இரண்டு பக்கமும் மூச்சு முட்டியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் கூட்டம் கலைந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் கடற்கரைக்குப் போனேன். சரக்கு ஏற்றும் இடத்தில் நான்கு தோணிகள் கட்டிக் கிடந்தன. எல்லாவற்றிலும் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. எல்லாமே செவ்வாய்க்கிழமை புறப்படுகிறவை என்றார்கள். எது அந்தத் தோணி? எனக்குத் தோணியின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றுகூட அப்போது தெரியாது.

ஒவ்வொரு தோணியாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன். "அடிப்பலகையெல்லாம் பாத்தாச்சா?"

முதல் தோணிக்காரர்கள் சிரித்தார்கள். "என்ன டீச்சர், தோணி வாங்கப் போறியளா?" அடுத்ததிலும் சிரிப்பு. மூன்றாவது தோணியில் இருந்தவர் சிரிக்கவில்லை. நரைத்த மீசை, தலையில் துண்டு. தோணியை நடத்திச் செல்கிற தலைவரைத் தண்டல் என்பார்கள். அவர் அந்தத் தோணியின் தண்டல், பெயர் சூசை.

"எதுக்கும்மா கேக்கிய?"

"சும்மாதான். காத்துக் காலமாச்சே..."

"சும்மா கேக்கதுக்கா இந்த வெயில்ல வந்தீய? எந்தத் தோணியப் பத்தி என்ன கேள்விப்பட்டிய? சொல்லுங்க."

எந்தத் தோணி என்று சொல்ல எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும் என்றும் சொல்ல முடியாது. "ஒண்ணுமில்ல" என்று திரும்பி நடந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது முதுகில் உறைத்தது. போகும்போது இருந்ததைவிடப் பயம் இரண்டு பங்காகிவிட்டது. நல்லது செய்தேனா, கெடுத்துவிட்டேனா என்று புரியவில்லை.

கெடுத்துத்தான் விட்டேன். மறுநாள் தெரிந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மிஸ் தேவநேசம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் ஒரு மாணவி நின்றுகொண்டிருந்தாள். செலின். மிக்கேல் பர்னாந்து என்கிற தோணி முதலாளியின் ஒரே மகள். வகுப்பில் அதிகம் பேசாதவள். மேஜை மேல் அந்தப் பட்டியல் திறந்து கிடந்தது. அவ்வளவு விவாதம் பண்ணினவர் ஞாயிற்றுக்கிழமையே அலமாரியைத் திறந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். "வாக்கு இவளுக்குக் குடுத்தது. அப்ப அதுலருந்து என்னை விடுவிக்கிற உரிமையும் இவளுக்குத்தான். இவகிட்டயே கேக்குறதுல தப்பில்லைன்னு தோணிச்சு."

அவர் செலினிடம் கேட்டார். "வெளிய சொல்ல எங்களுக்கு அனுமதி தாறியா?"

செலின் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது.

"நேத்து கடப்பக்கம் போனது நீங்கதானா மிஸ்?"

நான் தலையசைத்தேன்.

"சூசை தண்டல் எங்க தோணித் தண்டல்தான். நேத்து சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாரு. நாலு பேரு முன்னால எங்க அப்பாட்டக் கேட்டாரு, 'பலகையெல்லாம் பாத்தாச்சா அண்ணாச்சி'ன்னு. அப்பா, 'ஆசாரி வந்து பாத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டான்'னுட்டாரு. அதுவரைக்கும் அப்பா பொய் சொல்லல மிஸ். மனசுக்குள்ள பயந்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நேத்து ராத்திரி நான் பேசிப் பாக்கலாம்னு இருந்தேன். இப்ப நாலு பேரு முன்னால சொல்லிட்டாரு. இனி அவரு எப்படி மாத்திச் சொல்லுவாரு?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். மிஸ் தேவநேசம் குறுக்கிட்டார்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிற, செலின்?" என்றார் மிஸ் தேவநேசம்.

"அனுமதி தரமாட்டேன் மிஸ். நீங்க போலீசுல சொன்னாலோ துறைமுக ஆபீசுல சொன்னாலோ எங்க அப்பாவைப் பிடிச்சிட்டுப் போவாங்க. நானே பாத்துக்கிடுதேன்."

"எப்படி?"

"தெரியல."

அவள் போன பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மிஸ் தேவநேசம் பட்டியலை மடித்து உள்ளே வைக்கும்போது சாவி இரண்டு தடவை கையிலிருந்து விழுந்தது. அன்று இரவு நான் துறைமுக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். காலையில் அது என் பையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் மணி மிஸ் தேவநேசத்தின் வகுப்பு. நான் பின் பெஞ்சில் இருந்தேன். வருகைப் பதிவு எடுத்துக்கொண்டு வந்தவர் செலின் பெயரில் நின்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு பதிவேட்டை மூடினார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "நீங்க வாசிச்சுக்கிட்டிருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "வா" என்றார். மணி அடிக்காமல் அவர் வகுப்பைவிட்டு வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வயதில் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று நான் நினைக்கவில்லை. போய்ச் சேருவதற்குள் தோணி பாய் விரித்துவிட்டிருக்குமோ என்று கடல் பக்கமே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தோணி இருந்தது. அதைச் சுற்றிக் கரையில் கூட்டம் கூடியிருந்தது. மீன் விற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோணிக்குள்ளே, வெங்காய மூட்டைகளின் மேல், கல்லூரிச் சேலையோடு, புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு செலின் உட்கார்ந்திருந்தாள். கரையில் அவள் அப்பா. கனத்த மனிதர், வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"இறங்குளா கீழ!"

"நானும் கொழும்புக்கு வாரேன்ப்பா."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊரே பாக்குது. இறங்கு!"

"தோணி நல்லாத்தான இருக்குன்னிய? நல்ல தோணியில நான் வந்தா என்ன?"

அவள் சத்தம் போடவில்லை. அந்த அமைதியான குரல் கரை வரை கேட்டது. தோணிக்காரர்களில் ஒருவர், "பொம்பளப்பிள்ள ஏறி உக்காந்தாச்சு, சகுனம் கெட்டுது. இன்னைக்கு இனிப் பயணம் கிடையாது அண்ணாச்சி, எறக்கிட்டு நாளைக்குப் பாப்போம்" என்றார். நாளைக்கு! ஒரு நாள்தான் தள்ளிப்போகும், அவ்வளவுதானா? பையிலிருந்த கடிதத்தின் மேல் கை போயிற்று. மிஸ் தேவநேசம் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார், மறுநாளும் அந்த இடம் வலித்தது.

சூசை தண்டல் மூட்டைகளுக்கு நடுவே நடந்து செலினிடம் போனார். குனிந்து, பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்ள, "எங்கனம்மா?" என்று கேட்டார்.

செலின் அவர் பக்கம் திரும்பவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவர் அவர், நான் சொல்ல மாட்டேன் என்பதுபோல உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மிக்கேல் பர்னாந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"பின்பக்கம். தண்ணி இறைக்க குழிக்கு வலது கைப்பக்கம். ரெண்டு பலகை."

தண்டல் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு கீழே இறங்கினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. மேலே வந்தபோது கத்தியைக் கூட்டத்துக்குக் காட்டினார். பிடி வரைக்கும் ஈரமாக இருந்தது. "முழுசா உள்ள போயிட்டு" என்று மட்டும் சொன்னார். தோணியிலிருந்தவர்களில் ஒருவர் பலகை வழியாகக் கரைக்கு இறங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளியை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மறுநாளிலிருந்து செலின் கல்லூரிக்கு வரவில்லை. அப்பா நிறுத்திவிட்டார் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். தோணியைக் கரையேற்றிப் பலகை மாற்றும் வேலை நடந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர் வேறு தோணிக்குப் போய்விட்டார்கள். சூசை தண்டலும் வேறு இரண்டு பேரும்தான் போகவில்லை. இதில் இன்னொன்றும் நடந்தது. அந்த வாரம் முழுவதும் கடல் குளம்போலக் கிடந்தது. பாய் விரிக்கப் போதுமான இளங்காற்றுதான்; வாடை வீசவே இல்லை. மற்ற மூன்று தோணிகளும் கொழும்பு போய்ச் சரக்கை இறக்கிவிட்டுச் சுகமாகத் திரும்பின. "பர்னாந்து தோணியும் போய்ட்டு வந்திருக்கும். அந்தப் பிள்ளையால கெட்டுது" என்று கடைத்தெருவில் பேசினார்கள்.

மிஸ் தேவநேசம் அதைக் கேள்வியாகவே வகுப்பில் வைத்தார், பெயர் சொல்லாமல்தான். ஓட்டைத் தோணி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், அதை அனுப்பியவன் செய்தது சரியாகிவிடுமா? பதினேழு பெண்களும் குனிந்துகொண்டார்கள். யாரைப் பற்றிய கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வகுப்பில் சண்டையே நடக்கவில்லை.

மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்பது என் நினைப்பு. நான் கடற்கரைக்குப் போகாமல் இருந்திருந்தால் அவள் வீட்டுக்குள்ளேயே பேசிச் சரி செய்திருப்பாளோ? இல்லை, போனதால்தான் தண்டலுக்குச் சந்தேகம் வந்து, அவர் அவளிடம் 'எங்கனம்மா' என்று கேட்டாரோ? இரண்டுக்கும் என்னிடம் சாட்சி உண்டு. இன்று வரை தீர்ப்பு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மிக்கேல் பர்னாந்தே கல்லூரிக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து பின்னாலேயே போனேன். அவர் மிஸ் தேவநேசத்தின் மேஜை முன்னால் நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம் மவ என்னமோ எழுதிக் குடுத்தாளாம்லா. அதைத் தாங்க."

"அது அவளுடையது. அவ சொல்லாம நான் யாருக்கும் தர முடியாது."

நான் பதறிப்போனேன். கொடுத்துவிட்டால் என்ன? இவ்வளவுக்குப் பிறகுமா?

அவர் குரலை உயர்த்தவில்லை. "மூணு வாரமா எங்கிட்ட ஒத்த வார்த்த பேசல டீச்சர். சோறு போடுதா, தண்ணி தாரா. பேச மாட்டேங்கா. என்னைப் பத்தி என்ன எழுதுனான்னாவது தெரியணும்."

மிஸ் தேவநேசம் அலமாரியைத் திறந்தார். தாளை ஓர் உறையில் போட்டு ஒட்டி, என்னிடம் தந்தார். "இவரோட போ வடிவு. செலின் கையில குடு. அவ என்ன செய்றாளோ செய்யட்டும்."

அவருடைய குதிரை வண்டியில் போனேன். வீட்டில் செலின் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், இளைத்திருந்தாள். உறையை வாங்கிப் பிரித்தாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு வாசிக்க சிரமமா இருக்கும். நான் வாசிக்கேன், கேளுங்க."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் முதல் வரியிலிருந்து, ஒன்றையும் விடாமல் வாசித்தாள். ஜெபம் பண்ணிப் பண்ணி அவரே நம்பிவிட்டார் என்ற இடம் வந்தபோது குரல் தடுமாறியது. நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தாள். எட்டு உயிர் என்ற இடத்தில் அவர் வாய்க்குள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வதைக் கேட்டேன். கடைசியில், "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று வாசித்து முடித்துத் தாளை மடித்தாள்.

நான் போகட்டுமா என்று எழுந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மகளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்:

"டீச்சர், திங்கக்கிழம காலேசு உண்டும்லா?"

"உண்டு" என்றேன்.